பௌர்ணமியன்று திறக்காத டிஸ்க்

பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து தேர்வுக்கு நாள் குறிக்கிறவர்களுக்குக் காலண்டரில் பௌர்ணமி என்று ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்திருந்தால், பௌர்ணமிக்கு மறுநாள் காலை வேலூரில் என் வாய்மொழித் தேர்வு என்று தகவல் அனுப்பியிருக்க மாட்டார்கள். பௌர்ணமியன்று அடி அண்ணாமலையிலிருந்து கிளம்பி வெளியே போவது எவ்வளவு பெரிய பாடு என்று இங்கே குடியிருந்தால்தான் தெரியும். வாசலில் இறங்கினால் தலை தலையாக மனிதர்கள். வண்டி விட மாட்டார்கள். போன் வேலை செய்யாது. அத்தனை லட்சம் பேரும் ஒரே டவரைப் பிடித்துத் தொங்கினால் அது மட்டும் என்ன செய்யும்?

நான் அன்புச்செல்வி. டவுனில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். கிரிவலப் பாதையை ஒட்டிய குளங்களின் தண்ணீர் பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் எப்படி மாறுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. ஏழு வருஷம் குளம் குளமாகப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். போன வருஷம் ஆய்வேட்டைக் கொடுத்தபோது, வெளியூர்த் தேர்வாளர் ஒருவர் பாதிக் கணக்கைத் திரும்பப் போடச் சொல்லித் திருப்பி அனுப்பினார். திரும்பப் போட்டேன். புதுக் கணக்கையும் வரைபடங்களையும் நேரில் காட்டினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று இப்போது எழுதியிருக்கிறார். என் நெறியாளர் அபீதகுஜாம்பாள் மேடம் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். நாளைய தேர்வு தவறினால் வேறு நெறியாளர், வேறு பதிவு, மறுபடியும் முதலிலிருந்து.

பௌர்ணமியன்று சாயங்காலம் நாலு மணிக்கு மேடத்தின் கார் வேங்கிக்காலில் எனக்காக நிற்கும். அங்கே வரை நான் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போக வேண்டும். கையில் ஒரு பென்டிரைவ். அதில் அந்தக் கணக்கையும் வரைபடங்களையும் அன்று காலை வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். போகிற வழியில் காரிலேயே மேடம் ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்துவிடுவார். இவ்வளவுதான் ஏற்பாடு. இது நடக்காமல் போக என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் மாறன் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் சர்வர் பார்க்கிறார். லினக்ஸ் என்றால் அவருக்கு உயிர். சில வீடுகளில் மீன் வரக்கூடாது என்பார்கள். எங்கள் வீட்டில் விண்டோஸ் வரக்கூடாது. வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ், அதிலிருந்து ராத்திரி ராத்திரி தானாகவே நகல் எடுத்து வைக்கிற ஹார்ட் டிஸ்க்கிலும் லினக்ஸ். நானும் ஏதோ ஒன்று ஓடினால் சரி என்று விட்டுவிட்டேன்.

போன வருஷத்திலிருந்து அவருக்கு இன்னொரு பைத்தியமும் பிடித்திருந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மௌன விரதம். விடியற்காலையில் குளித்தவுடன் செல்போன், பர்ஸ், சாவிக்கொத்து எல்லாவற்றையும் சாமி அலமாரியில் வைத்துவிடுவார். நிலா கிளம்பும்வரை பேச்சு கிடையாது, எழுத்து கிடையாது, அலமாரியில் வைத்ததைத் தொடுவது கிடையாது. பகலெல்லாம் தெருமுனை அன்னதானப் பந்தலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். எதற்கு இந்த விரதம் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். சும்மாதான் என்பார். வீட்டு வேலையிலிருந்து தப்பிக்க ஒரு வழி என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியும் காட்டியிருக்கிறேன்.

அன்று காலை, பந்தல்காரர்கள் எங்கள் வீட்டு லைனிலிருந்து வயர் இழுத்திருந்தார்கள். மைக் செட், சீரியல் லைட், அது போதாதென்று கிரைண்டர். கிரைண்டரைப் போட்டார்களோ இல்லையோ, எங்கள் வீட்டுக்குள் டப் என்று ஒரு சத்தம். கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து கருகல் நாற்றம் வந்தது. நான் பதறவில்லை, சத்தியமாகப் பதறவில்லை. ராத்திரி நகல் எடுத்து முடித்த டிஸ்க்கை விடிந்ததும் கழற்றி மேஜை டிராயரில் பத்திரமாக வைத்திருந்தோம். பக்கத்து வீட்டு எழிலரசியிடம் லேப்டாப் வாங்கி வந்து, டிஸ்க்கைச் சொருகி, காபி டம்ளரோடு சாவகாசமாக உட்கார்ந்தேன்.

லேப்டாப் ஒரு கேள்வி கேட்டது. இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா? காபி டம்ளரைக் கீழே வைத்தேன். ஃபார்மேட் என்றால் சுத்தமாகத் துடைப்பது என்றுகூடத் தெரியாதவள் இல்லை நான். கேன்சல் அழுத்தினேன். பிடுங்கி மறுபடி சொருகினேன். அதே கேள்வி. வேறு ஓட்டையில் சொருகினேன். அதே கேள்வி. பிச்சை போட்டும் போகாத ஆள் மாதிரி அது வாசலிலேயே நின்றது.

போனில் தேடினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மொட்டை மாடிக்குப் போய்க் கையைத் தூக்கிப் பிடித்தபோது ஒரு பக்கம் திறந்தது. லினக்ஸ் முறையில் எழுதிய டிஸ்க்கை விண்டோஸால் படிக்க முடியாது, அதற்குத் தனியாக ஒரு மென்பொருள் இறக்கிக்கொள்ள வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. ஒரு நிம்மதி வந்தது. இறக்கு என்று அழுத்தினேன். கொஞ்சம் நகர்ந்தது. அப்புறம் நின்றது. கீழே சாலையில் அரோகரா என்று ஒரு கூட்டம் போனது. அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு போன், ஒவ்வொரு போனிலும் மலையின் வீடியோ. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

இறங்கி வந்தபோது மாறன் தோளில் ஈரத்துண்டோடு பந்தலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, இதை எப்படித் திறப்பது என்று கேட்டேன். லேப்டாப்பைப் பார்த்தார், டிஸ்க்கைப் பார்த்தார். அப்புறம் கையை நீட்டிச் சாமி அலமாரியைக் காட்டினார்.

"கும்பிட்டா இது திறந்துக்குமா?" என்றேன்.

இல்லை என்று தலையை ஆட்டினார். மறுபடியும் அலமாரியைக் காட்டினார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து முன்னால் தள்ளிக் காட்டினார். திருநீறு வைத்துக்கொள்ளச் சொல்கிறார் என்று புரிந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? என் ஏழு வருஷம் உள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. ஒரு வார்த்தை சொன்னா உங்க சாமி கோச்சுக்குமா?"

அவர் முகம் சுருங்கியது. அதற்குள் பந்தலிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். போகும்போதும் திரும்பித் திரும்பி அந்த அலமாரியைத்தான் காட்டினார். நீங்கள் பேசினாலும் ஒன்றுதான் பேசாவிட்டாலும் ஒன்றுதான் என்று அவர் முதுகுக்குக் கேட்கும்படிச் சொன்னேன்.

என் மாமியார் ஜோதியம்மாள் வாசலில் மேஜை போட்டு நடக்கிறவர்களுக்கு எலுமிச்சை டீ விற்றுக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு உள்ளே வந்தவர், இன்னாம்மா விஷயம் என்று கேட்டுவிட்டு, அலமாரியைத் திறந்து கற்பூரம் ஏற்றினார். சாவிக்கொத்தைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுத் தட்டிலிருந்து திருநீறு எடுத்தார். எனக்கு ஒரு கீற்று வைத்தார், டிஸ்க்குக்கு ஒரு கீற்று வைத்தார். அது சொருகுகிற இடத்துக்குள் கொஞ்சம் போய்விட்டது. அதை ஊதி எடுக்கக் கொஞ்ச நேரம் போனது. அத்தையைத் திட்டவும் முடியவில்லை, டிஸ்க்கைத் திட்டினேன்.

மத்தியானம் வரை அந்த மென்பொருள் இறங்காமல் அப்படியேதான் நின்றது. எழிலரசி தன் போனிலிருந்து நெட் கொடுத்துப் பார்த்தாள், அதுவும் சுற்றியது. இதற்கு நடுவே பாதையில் போகிறவர்கள் ஜன்னலில் எட்டி, அக்கா பாத்ரூம் எங்கே, அக்கா சார்ஜர் இருக்கா என்று என் உயிரை எடுத்தார்கள். டிஸ்க்கை அப்படியே வேலூருக்கு எடுத்துப் போகலாமா என்றும் யோசித்தேன். ராத்திரி போய் இறங்கி அங்கே யாரைத் தேடுவது? சாவியில்லாத பீரோவைச் சுமந்துகொண்டு போவதும் அதுவும் ஒன்றுதான்.

அப்போதுதான் சுரேஷ்குமார் என்று ஒருவர் வந்தார். சென்னை ஆள், ஐடி கம்பெனியில் வேலை. காலில் கொப்புளம், உப்புத் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டு அத்தையின் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐடி என்றதும் நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றுவிட்டேன். காலைத் தண்ணீரில் வைத்தபடியே ஒரே பார்வையில் தீர்ப்புச் சொன்னார். ஃபார்மேட் கொடுங்க, ஒண்ணும் போகாது, உள்ளே இருக்கிறது அப்படியே இருக்கும், விண்டோஸ் முறைக்கு மாறிக்கொள்ளும், அவ்வளவுதான் என்றார். நிஜமாகவா என்று கேட்டேன். மறுபடியும் கேட்டேன். அக்கா, இதே வேலைதான் தினமும் பண்றேன் என்றார். எச்சரிக்கை ஒன்று வருமே என்றேன். அது அப்படித்தான் மிரட்டும், கண்டுக்காதீங்க என்றார். நானே செய்து கொடுத்துவிட்டுப் போவேன், ஆனால் கிரிவலத்தில் பாதியில் ஜாஸ்தி நேரம் நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டு நொண்டி நொண்டிப் போய்விட்டார்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் நான் கிளம்பியாக வேண்டும். மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். ஏழு வருஷமாக அளந்து, சரிபார்த்து, திரும்ப அளந்த பெண்தான் நான். ஒரு சொட்டு ஜாஸ்தியானால் மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து செய்தவள். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு எவனாவது ஒருவன் ஏதாவது ஒன்றைத் தைரியமாகச் சொன்னால் போதும் என்றிருந்தது. ஃபார்மேட் செய் என்பதை அழுத்தினேன். ஒரு கட்டம் வந்தது. ஸ்டார்ட் அழுத்தினேன். டிஸ்க்கில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. மிரட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்புக்குறியை ஓகே மேல் கொண்டுபோய் வைத்தேன்.

"அன்பு. கையை எடு."

யார் குரல் என்றே எனக்குப் புரியவில்லை. திரும்பினால் மாறன். பந்தலுக்கு இன்னொரு குடம் எடுக்க வந்தவர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"அதை அமுக்கினா எல்லாம் போயிடும். கையை எடு."

எடுத்தேன். அவர் குனிந்து அந்தக் கட்டத்தை மூடினார். வாசலில் டீ ஆற்றிக்கொண்டிருந்த அத்தைக்கு மகனின் குரல் கேட்டிருக்கிறது. ஓடி வந்து அவர் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பேசிட்டியாடா? இன்னிக்குத்தானேடா கடைசி."

என்ன கடைசி என்று கேட்டேன். அத்தை என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"உன் புஸ்தகத்தைத் திருப்பி அனுப்பினாங்களே, நீகூட ரெண்டு நாள் சோறு துன்னாம படுத்துக் கெடந்தியே. அப்போ வேண்டிக்கிட்டான். நீ டாக்டர் பட்டம் வாங்கற வரைக்கும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாயே திறக்கறதில்லன்னு."

காலையில் அவர் முதுகைப் பார்த்துச் சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு வருஷமாகச் சொல்லிக் காட்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம்தான்.

"முதல்லயே எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"யாருக்காக வேண்டிக்கிறோமோ அவங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க," என்றார் மாறன். அப்புறம் அம்மாவிடம், "நான் பேசாம இருந்திருந்தா வேண்டிக்கிட்டதே இல்லாம போயிருக்கும்மா. எழுந்திரு," என்றார்.

அதற்கு மேல் அவர் வேலையில் இறங்கிவிட்டார். சாமி அலமாரியில் இருக்கிற சாவிக்கொத்தை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். வண்டிச் சாவிக்கும் வீட்டுச் சாவிக்கும் நடுவே விரல் நுனி அளவில் ஒரு பென்டிரைவ் தொங்கியது. அதற்குள் முழு லினக்ஸும் இருக்கிறது, எந்தக் கம்ப்யூட்டரில் சொருகினாலும் அதிலிருந்தே எழுந்து வரும், எழில் லேப்டாப்புக்கும் ஒன்றும் ஆகாது என்றார். இதற்கு நெட்டும் வேண்டாம். காலையிலிருந்து அவர் விரல் நீட்டிக் காட்டியது இதைத்தான். அந்த இரண்டு விரல் திருநீறு இல்லை, சொருகு என்று அர்த்தம். அத்தை அந்தக் கொத்தை நகர்த்திவிட்டுத்தான் எனக்கும் டிஸ்க்குக்கும் பூசியிருக்கிறார்.

"நீங்களே எடுத்துக் குடுத்திருக்கலாமே," என்றேன்.

"வச்சதைத் தொடக்கூடாது. பேச்சுதான் போயிடுச்சு, அதையாவது விடாம இருக்கேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். அவர் சொல்லச் சொல்ல லேப்டாப்பை அணைத்து, அந்தக் குட்டியைச் சொருகி, எஃப்-12 பொத்தானை அழுத்தியபடி மறுபடி போட்டேன். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடின. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மாதிரியே ஒரு முகப்பு வந்தது. டிஸ்க்கின் பெயர் ஓரத்தில் தெரிந்தது. தட்டியதும் ஒரு கேள்வியும் கேட்காமல் திறந்தது. குளங்களின் பெயர்கள், வருஷங்கள், கணக்குகள், வரைபடங்கள். ஒன்றுகூடக் கம்மியில்லை. என் பென்டிரைவில் நகல் எடுத்தேன். சரியாக வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். லேப்டாப்பை மறுபடி விண்டோஸில் போட்டும் ஒருமுறை பார்த்தேன். திறந்தது. காரில் காட்ட அதையும் இரவல் கேட்டேன், எழிலரசி கொடுத்தாள்.

பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது மாறன் குடத்தோடு நின்றார். ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அது எனக்குத் தாங்கவில்லை.

"நிலா கிளம்பற வரைக்கும்தானே?" என்று கேட்டேன்.

ம் என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் இறங்கினேன்.

பேசாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. ஒரு அம்மா வழி கேட்டார், கையைக் காட்டினேன். திமிரைப் பாரு என்று சொல்லிக்கொண்டே போனார். பாதையோரத்து டீக்கடையில் அந்தச் சுரேஷ்குமார் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, அக்கா ஃபார்மேட் பண்ணீங்களா, திறந்துச்சா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குத் தெரிந்த திட்டு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நாக்கில் வந்து நின்றது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுத் தலையை ஆட்டினேன். சொன்னேன்ல என்றார். மலையைப் பார்த்தபடியே வேகமாக நடந்தேன்.

வேங்கிக்காலில் கார் தயாராக நின்றது. அபீதா மேடம் கோயில் குருக்கள் வீட்டுப் பெண். தப்பான கணக்கையும் தாமதத்தையும் பொறுக்க மாட்டார். ஏறியதுமே கோப்பு கிடைத்ததா என்று கேட்டார். பென்டிரைவை நீட்டினேன். எல்லாம் இருக்கிறதா என்றார். தலையசைத்தேன். மூன்றாவது குளத்துக் கணக்கைச் சொல்லு பார்க்கலாம் என்றார். லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். உடம்புக்கு என்ன, பயமா, வீட்டில் சண்டையா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"நாளைக்குத் தேர்வாளர் முன்னாடியும் இப்படித்தான் கும்பிடப் போறியா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நெரிசலில் ஊர்ந்து போளூர் தாண்டியபோது வலப்பக்கம் வயலுக்கு மேலே நிலா எழும்பியது. முழுசாக மேலே வரும்வரை பொறுத்தேன்.

"மேடம், எல்லாம் இருக்கு. கணக்கு சரியா வருது."

அவர் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். குருக்கள் வீட்டுப் பெண்ணுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"மௌனமா? அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் எங்க வீட்டுக்காரர் இருந்தாரு மேடம், எனக்காக. மீதிய நான் இருந்தேன்."